ஐப்பசியின் ஏழாவது தகவல்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நான் செய்த ஒரு சின்னத் தவறைப் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்டுக்கொண்டு, அதுதான் என்னைத் தேடி வந்தது.

ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் வீட்டுக்கு வீடு இலவசமாகப் போடுகிற எட்டுப் பக்க மாத இதழ் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற அன்புச்செல்வன் எனக்கு நண்பர். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், எப்போதாவது கதை எழுதுவேன். கதை போட அவரிடம் இடமே இருக்காது. தகவல் போட மட்டும் எப்போதும் இருக்கும். ஐப்பசி மாதத்தைப் பற்றிப் பத்துத் தகவல் வேண்டும், படித்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லத் தோன்ற வேண்டும் என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஐப்பசிக்குத் துலா மாதம் என்றும் பெயர், துலா என்றால் தராசு. மற்ற பதினொரு மாதமும் ரெங்கநாதருக்குக் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் தண்ணீர் வரும், ஐப்பசியில் மட்டும் அம்மா மண்டபம் படித்துறைக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல் வரும். பௌர்ணமியன்று சிவன் கோயில்களில் லிங்கத்தைச் சோற்றால் மூடி அன்னாபிஷேகம் செய்வார்கள். மனிதர்கள் கரைத்துவிட்டுப் போன பாவங்களைத் தொலைக்க, கங்கை முதலான எல்லா நதிகளும் இந்த மாதம் காவிரிக்கு வந்து குளித்துவிட்டுப் போவதாக ஒரு நம்பிக்கை.*

* நதிகளுக்கும் அழுக்கு சேரும், அவையும் எங்காவது போய்க் குளித்தாக வேண்டும் என்று நினைத்தவர் யாரோ தெரியவில்லை. அவர் ரொம்ப இரக்கமுள்ள ஆளாக இருந்திருக்க வேண்டும்.

ஏழாவது தகவலை மட்டும் அச்சில் வந்தபடியே தருகிறேன்:

"ஐப்பசி கடைசி நாளில் மயிலாடுதுறைக் காவிரியில் நீராட, கால் முடியாத ஒருவர் புறப்பட்டார். நடக்க முடியாததால் தாமதமாகி, மறுநாள்தான் வந்து சேர்ந்தார். அவர் கண்ணீர் விட்டு வேண்ட, இறைவன் மனமிரங்கி, கார்த்திகை முதல் நாள் குளித்தாலும் அதே பலன் உண்டு என்று அருளினார். இதுவே முடவன் முழுக்கு!"

கடைசியில் இருக்கும் அந்த வியப்புக்குறியை அன்புச்செல்வன் போடவில்லை. நான்தான் போட்டேன். அந்தத் தகவலைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு, காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் போனில் தட்டி முடித்தேன்.

2

தீபாவளி முடிந்த வாரம் நூலகத்தில் இருந்தபோது போன் வந்தது. பத்திக்குக் கீழே என் எண்ணையும் போட்டிருந்தார்கள். அவசரமில்லாத ஓர் ஆண் குரல், ஐப்பசி பற்றி எழுதியது நீங்கள்தானா என்று கேட்டது. உறையூரில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகவும், ஸ்ரீரங்கத்துத் தையற்காரம்மா ஒருத்தர் மெஷின் தலையைச் சுற்றிக்கொண்டுவந்த தாளில் அதைப் படித்ததாகவும் சொன்னது.

"அவன் நடக்க முடியாததால தாமதமா வந்தான்னு போட்டிருக்கீங்க."

ஆமாங்க, கதை அப்படித்தான் என்றேன்.

"அதுல ஒரு தப்பு இருக்கு மேடம். ஊரே அன்னைக்குக் குளிக்கப் போயிருக்கும். அவன் வீட்டு வாசல் வழியாத்தான் போயிருக்கும். ஒருத்தர் கூட வாடான்னு கூப்பிடல. தாமதத்துக்குக் காரணம் காலு இல்ல. அடுத்த மாசம் திருத்தம் போட்டுடுங்க."

குரலில் கோபமே இல்லை. மெஷினில் எந்த உதிரி தேய்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். புராணக் கதைக்கெல்லாம் எப்படிங்க திருத்தம் போடுவது என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு காலும் வராதுங்க" என்றார். "அதனால கொஞ்சம் தெரியும்."

3

அன்று இரவே கதையை எழுத ஆரம்பித்தேன். இதுதான் எங்கள் புத்தி. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால், நாங்கள் தாளை எடுத்துக்கொள்வோம்.

(தொடக்கம் ஒன்று: "மழை தூறிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசிக் காலையில், ஜன்னலோரம் அமர்ந்து தெருவில் ஓடுகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அவருடைய கண்களில்")

கைவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தபோது அவருடைய கடையில் ஜன்னலே இல்லை.

(தொடக்கம் இரண்டு: "பிறந்ததிலிருந்தே அவரை எல்லோரும்")

இதுவும் இல்லை. அவருக்குப் போலியோ வந்தது மூன்று வயதில்.

(தொடக்கம் மூன்று: "தனிமை என்பது")

இதை எழுதியதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பார்த்ததைச் சொல்கிறேன். கதைக்காக அவருக்கு ஒரு பெயர் வேண்டும் என்றபோது, அழகிரி என்று வையுங்கள், சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும் என்றார். ஐம்பத்தாறு வயது. உறையூரில் அண்ணன் வீட்டு முன்னறைதான் கடை. தரையோடு தரையாக ஒரு பலகை, அதன் மேல் அவர், அவரைச் சுற்றிக் கை எட்டுகிற தூரத்தில் எல்லாச் சாமானும். தோளும் கையும் நல்ல பலம். கனமான மெஷின் தலை ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கித் திருப்பிவைத்துக்கொண்டே என்னுடன் பேசினார். வாசலில் பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் நின்றது. சாமான் வாங்கப் பெரிய கடைவீதி வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போய்வருவாராம்.

நான் சோகமாக ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். என் முகத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ரொம்ப வருத்தப்படாதீங்க மேடம், மெஷின்ல நூல் சிக்கும் என்றார்.

4

கேட்டால்தான் சொல்வார், கேட்டதை மட்டும்தான் சொல்வார். மூன்று முறை போனதில் தெரிந்துகொண்டவை இவை.

ஐப்பசி பிறந்தால் அவர்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போவார்கள். அப்பா இருந்த காலத்திலிருந்தே அது வழக்கம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அழகிரி இருப்பார். யாரும் அவரை இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதில்லை. அப்படி ஒரு பேச்சே வந்ததில்லை. கதவைச் சாத்திக்கப்பா என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அம்மா இருசம்மாள் மட்டும் திரும்பி வரும்போது ஒரு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவார். அதை வெந்நீரோடு கலந்து அவர் தலையில் ஊற்றி, உனக்கும் ஆச்சுடா என்பார். அம்மாவுக்கு முடியாமல் போன கடைசி இரண்டு வருஷம் அந்தத் தண்ணீர் வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் அம்மாவுக்குச் சோறு ஊட்டியது, வாய் துடைத்தது, மாத்திரை கொடுத்தது எல்லாம் அழகிரிதான். வீட்டில் எப்போதும் இருப்பவர் அவர்தானே. அம்மாவின் கட்டிலுக்கு அருகில் தன் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

போன வருஷம் ஆவணியில் அம்மா இறந்தார். அஸ்தி கரைக்க அம்மா மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். அழகிரி சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். அண்ணன் ரெங்கராஜ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "நீ இரு தம்பி, படி வழுக்கும்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சரிண்ணேன்னேன்."

இந்த இடத்தில் கதாசிரியர் என்ற முறையில் எனக்கு ஒரு பத்தி எழுத ஆசை. சட்டையை அவர் எப்படிக் கழற்றினார், பித்தானில் கை எப்படி நின்றது என்றெல்லாம். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

5

உங்களுக்குத் தோன்றியிருக்கும் கேள்வி எனக்கும் தோன்றியது. ஸ்கூட்டர் இருக்கிறது, கையில் பலம் இருக்கிறது. பெரிய கடைவீதி வரை போகிறவர் அம்மா மண்டபத்துக்குப் போக முடியாதா? ஒரு பாலம் தாண்டினால் மண்டபம். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் இந்தப் பாத்திரம் நிற்காது. இரண்டு நாள் அவரைச் சந்தேகப்பட்டேன். குறையைச் சொல்லிக்கொண்டிருப்பதில் சுகம் காண்கிறவரோ என்று கூட நினைத்தேன்.

மூன்றாம் முறை போனபோது கேட்டுவிட்டேன்.

போயிருக்கிறேன் என்றார். பல தடவை. மண்டப வாசல் வரைக்கும் வண்டியில் போய், அங்கேயே நின்று, ஜனங்களின் தலைக்கு மேலே தெரிகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முன்பின் தெரியாத யாரையாவது கேட்டிருக்கலாமே, தூக்கிக்கொண்டு போயிருப்பார்களே என்றேன்.

"தூக்குவாங்க. நல்லவங்கதான் எல்லாரும்" என்றார். ஒரு பாபினில் நூலைச் சுற்றி முடித்தார். "போக முடியுமா முடியாதாங்கிறது இல்ல மேடம். நம்ம ஆளு வந்து, கிளம்புடான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது இல்லாம போனா, வேடிக்கை பாக்கப் போன மாதிரி."

அப்புறம், நான் கேட்காமலே அவர் சொன்ன ஒரே விஷயத்தைச் சொன்னார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் காவிரியில் இறங்கியிருக்கிறார். பத்து வயதில். பதினாலு வயது அண்ணன் அவரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு அம்மா மண்டபத்துப் படியில் இறங்கியிருக்கிறார். தண்ணீரில் விட்டாராம். "நான் மிதந்தேங்க. எல்லாரு காலும் தண்ணிக்குள்ள என்ன செய்யுமோ அதையேதான் என் காலும் செஞ்சுது. இழுத்துக்கிட்டே போச்சு. வானம் மட்டும் தெரிஞ்சுது. யாரோ முடியைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. அதுதான் வலிச்சுது."

சொல்லும்போது சிரித்தார்.

6

திருத்தம் போடச் சொல்லி அன்புச்செல்வனிடம் கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் கார்த்திகை இதழ் முழுக்க அகல் விளக்கு விளம்பரம். அதுவும் போக, நடந்ததாக யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு எப்படித் திருத்தம் போடுவது என்று கேட்டார். நாம் போட்டால் நாளைக்கு ராமர் சார்பில் ஒருவர் போன் செய்வார் என்றார். நியாயம்தான். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்தக் கதைதான் அந்தத் திருத்தம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அழகிரிக்குச் சொல்லாமல் அவருடைய அண்ணனைப் பார்க்கப் போனேன்.

7

ரெங்கராஜ் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து இரண்டு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவர். அழகிரி கடைவீதிக்குப் போயிருந்த நேரம். என்னை வீட்டுக்குள் கூப்பிடாமல் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். முழங்கால் வலியால் லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால் என்றார்.

அவரைச் சந்திப்பதற்கு முன்னாலேயே என் கதையில் அவரை எழுதி முடித்திருந்தேன். (வரைவிலிருந்து: "தம்பியைப் பாரமாக மட்டுமே பார்த்துப் பழகிய ரெங்கராஜ்") அந்த வரியை இங்கே வெளியே தெரியும்படி விட்டுவைப்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை.

தம்பி என்னிடம் பேசியதைச் சொன்னேன். மிதந்த கதையையும் சொன்னேன். டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"மிதந்தேன்னா சொன்னான்?"

ஆமாம் என்றேன்.

அவர் சொன்ன கதை வேறு. அன்றைக்கு ஐப்பசி கடைசி நாள். கூட்டம். தம்பியை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கும்போது மூன்றாவது படியில் பாசி. இவர் விழுந்தார், தம்பி கையைவிட்டுப் போய்விட்டான். வெள்ளம் அவனை இழுத்துக்கொண்டு போனதைப் படியில் விழுந்து கிடந்தபடியே பார்த்திருக்கிறார். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து பையனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அம்மா ஓடிவந்து, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் ரெங்கராஜை அடித்தார். அடித்துவிட்டு அவரையே கட்டிக்கொண்டு அழுதார். அன்று சாயங்காலம் அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, இனிமேல் இவனை ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"பதினாலு வயசுங்க எனக்கு. அன்னைக்கிலேருந்து அவனை எங்க கூட்டிக்கிட்டுப் போனாலும் கை நடுங்கும். அஸ்தி கரைக்கப் போனப்ப வாசல்ல நின்னு யோசிச்சேன். அம்மா என் கையில கலயத்துல இருக்காங்க. அவங்க தலையில கை வச்சுச் சொன்னதை, அவங்களைக் கையில வச்சுக்கிட்டே மீறச் சொல்றீங்களா?"

பெஞ்சில் வைத்த கிளாஸை மறுபடி கையில் எடுத்தார்.

"இருன்னு சொல்லிட்டேன். அவனும் சரிண்ணேன்னான். எப்பவுமே அப்படித்தான் சொல்லுவான். அதுதான் கஷ்டம்."

சத்தியம் வாங்கிய விஷயம் தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நாப்பத்தாறு வருஷம் ஆயிடுச்சு. இப்பப் போயி என்னன்னு ஆரம்பிக்கிறது?"

வாசகரே, எத்தனையோ பேர் எத்தனையோ விஷயம் கேட்டபோது பதில் தெரியாமல் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வி மட்டும் என் தொழில் சார்ந்தது. உங்கள் தம்பியைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்து, ஆரம்பத்தை மட்டும் மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன் என்று அவரிடம் சொன்னேன். சரியான ஆரம்பம் எதுவென்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். இல்லை, எப்படி ஆரம்பித்தாலும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், சின்ன வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டீக்குக் காசு கொடுக்க என்னை விடவுமில்லை.

8

ஐப்பசி முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இருட்டத் தொடங்கிய நேரத்தில் அழகிரி போன் செய்தார்.

"கூப்பிட்டாரு" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அண்ணன் முன்னறைக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, கழற்றிப் போட்டிருந்த மெஷினைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டிருக்கிறார். அப்புறம், "நாளைக்குக் கார்த்திகை ஒண்ணு, ஆத்துக்கு வர்றியா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். நான் ஏற்பாடு செய்ததா என்று என்னிடம் கேட்டார் அழகிரி. அண்ணனிடம் பேசியதை ஒப்புக்கொண்டேன். அடுத்த தடவை என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் மேடம் என்றார். பிறகு, காலையில் ஆறரைக்கு அங்கே இருப்போம், கதைக்கு வேண்டுமானால் நீங்களும் வாருங்கள் என்றார்.

போனேன். திங்கட்கிழமை, லேசான தூறல். அழகிரி ஆறு இருபதுக்கே வந்து மண்டபத்து ஓரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தனியாக பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு, இவருக்கு முன்னாலேயே வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாராம். வேட்டியும் துண்டும் கட்டிக்கொண்டு, புதுசாகச் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார் அழகிரி.

ஆறரை ஆனது. ஏழு ஆனது. அண்ணனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. ஏழு பத்துக்கு இன்னொரு தடவை போட்டார். ஏழே காலுக்கு, பஸ் கிடைச்சிருக்காது என்றார். உறையூரிலிருந்து பஸ் கிடைக்காத நேரம் எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் மனதுக்குள் மூன்று முடிவு எழுதிவிட்டேன்.

முதல் முடிவில் ரெங்கராஜ் வரவில்லை. அழகிரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கடையைத் திறக்கிறார். இலக்கியப் பத்திரிகைக்குச் சரியாக இருக்கும்.

இரண்டாவது முடிவில் நான்கு இளைஞர்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுகிறார்கள். மனிதாபிமானம். படம் எடுத்து ஊருக்கே அனுப்புவார்கள்.

மூன்றாவது முடிவில் நானே அவரை... இதை யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது. எழுத்தாளர்கள் தங்கள் கதைக்குள் வருவதே இப்படி நல்லவர்களாகத் தெரிவதற்குத்தான் என்று தோன்றுகிறது.

ஏழரை மணிக்கு ரெங்கராஜ் வந்தார். அம்மா மண்டபம் ரோட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கி, காலைத் தாங்கித் தாங்கி வந்தார். கக்கத்தில் நாலு காலிக் கோணிச் சாக்கு. அவருக்குத் தெரிந்த அரிசிக் கடைக்காரர் ஏழு மணிக்குத்தான் கடை திறப்பாராம். அதற்காகக் கடை வாசலிலேயே நின்றிருக்கிறார். போன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது, சத்தம் கேட்கவில்லை.

"எதுக்குண்ணே சாக்கு?"

"பாசியா இருக்கும்ல" என்றார்.

தூக்குவதற்கு அவரால் முடியாது. அறுபது வயது, அந்த முழங்கால். அதை அவர் யோசித்து வைத்திருந்தார். முதல் படியில் ஒரு சாக்கை விரித்தார். அழகிரி வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் ஊன்றி, தன்னைத்தானே எடுத்து அதன் மேல் வைத்தார். இரண்டாவது சாக்கு. மூன்றாவது. நான்கும் விரித்தானதும், ரெங்கராஜ் மேலே ஏறிப் பின்னால் கிடக்கும் சாக்கை எடுத்து, படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, அடுத்த படியில் விரிப்பார். குளித்துவிட்டு ஏறியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் உதவிக்கு வந்தபோது, வேணாங்க, நாங்க பாத்துக்கிறோம் என்றார் ரெங்கராஜ்.

அழகிரிக்குக் கை வேகம். சாக்கு விழுந்த நொடியில் அதன் மேல் இருப்பார். இருந்துகொண்டு, அண்ணன் அடுத்ததை எடுத்துக்கொண்டு இறங்கும் வரை காத்திருப்பார். ஏழாவதோ எட்டாவதோ படியில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இப்ப யாருண்ணே லேட்டு?"

ரெங்கராஜின் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று நான் மேலே இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

9

பிறகு நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

எட்டரை மணிக்கு இரண்டு பேரும் மேலே ஏறி வந்தார்கள். ஏறுவதற்கு இறங்கியதைவிட நேரம் பிடித்தது. ஈரச் சாக்குகளைப் பிழிந்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டார்கள். ரெங்கராஜ் தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, அதே வண்டியில் உறையூருக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். அழகிரி ஒரு பழைய மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சத்தியத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எங்கே, எப்போது சொன்னார் என்று சொல்லவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம். ரெண்டு பேருமே. நாப்பத்தாறு வருஷம் அவரை மனசுக்குள்ள கோச்சுக்கிட்டே இருந்திருக்கேன்."

கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல" என்றார். எண்ணெயைத் துணியில் துடைத்தார். "யாரு மேலன்னுதான் தெரியல. அம்மா மேல எப்படிக் கோச்சுக்கிறது. அவங்களுக்குப் பயம்."

உள்ளேயிருந்து அவருடைய அண்ணி மகாலட்சுமி, சாப்பிட வாங்க தம்பி, அவரு உக்காந்துட்டாரு என்று குரல் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் இப்போது ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. முன்பு எப்படி என்று எனக்குத் தெரியாது. இதற்கு அர்த்தம் ஏதாவது உண்டா என்பதும் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கதையின் வரைவை அவரிடம் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எதையும் மாற்றச் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றி நான் முதலில் எழுதி அடித்திருந்த அந்த வரி வந்தபோது மட்டும், இதைப் படித்தால் அவர் வருத்தப்படுவார் என்றார். எடுத்துவிடட்டுமா என்றேன். யோசித்துவிட்டு, இருக்கட்டும், நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன் என்றார்.

10

இனி, படிக்கட்டு. அங்கே இரண்டு பேரையும் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தண்ணீர் தொடுகிற படிக்கு முந்தைய படியில் கடைசிச் சாக்கு விழுந்தது. அழகிரி அதன் மேல் உட்கார்ந்தார். கால்கள் தண்ணீரில் கிடந்தன. காவிரி நிறைய ஓடியது, பழுப்பாக, சத்தமில்லாமல். ரெங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு படி இறங்கி, தம்பிக்கு எதிரே திரும்பி நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். நான் நாலைந்து படி மேலே, அவர்களுடைய செருப்பையும் துண்டையும் போனையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இன்னும் இரண்டு படி இறங்கினால் பேசுவது கேட்கும். இறங்கினேன்.

அழகிரி திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இது வரைக்கும் எழுதிக்கங்க" என்றார். "இதுக்கு அப்புறம் எங்க வீட்டு விஷயம். கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றேன். எதிரே மண்டபம். ஓர் அம்மாள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஒரு சிறுமிக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது, அவளுடைய அப்பா துண்டால் போர்த்திவிட்டார். எனக்குப் பின்னால் தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு குரல். வெகு நேரம் கேட்டது. என்ன பேசினார்கள் என்பதும் ஓரளவு கேட்டது.

அதை எழுத மாட்டேன். அவர் மிதந்தாரா என்பதையும் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

என் தோளுக்கு மேலே நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்கள். தெரிகிறது. இவ்வளவு தூரம் கூடவே வந்த உங்களுக்கு அது நியாயமான ஆசைதான். ஆனால் அவர் சொன்னது என்னிடம் மட்டும் இல்லை.

நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள்.